வீட்டாள் அடி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

உன் பட்டறை முகவரியை எட்டாம் நம்பர் பஸ் டிரைவர் கொடுத்தார். நீ டிங்கரிங் வேலை செய்கிறாயாம். நசுங்கிப்போன கார்க் கதவை உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்திவிடுகிறாயாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். எந்த "ம்" என்று எனக்குப் பிடிபடவில்லை. நீ இருந்தால் சொல்லியிருப்பாய்.

முதலில் நல்ல செய்தி. எனக்குப் பதினாறு முடிந்துவிட்டதால் இந்த ஆண்டு பெஞ்சில் உட்கார நம் தெருச் சங்கத்தில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலும் போர்ட்டர் ஐயாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கத்தை இங்கே எழுதுகிறேன். எங்கே கொட்டாவி வருகிறது என்று மட்டும் சொல்.

"நம் பஸ் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் சுவரின் நீளத்துக்கு ஒரு மரப் பெஞ்சு இருக்கிறது. ஒரு காலத்தில் கடைவீதிக்காரர்கள் மட்டுமே அதில் உட்காரலாம். எங்கள் தெருக்காரர்கள் வெயிலானாலும் மழையானாலும் வெளியே நிற்க வேண்டும். மற்றவர்களின் பெட்டிகளை அந்தப் பெஞ்சு வரைக்கும் தலையில் சுமந்த ஒரு போர்ட்டர், ஒருநாள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அடித்து வெளியே எறிந்தார்கள். மறுநாள் தன்னைப் போன்ற போர்ட்டர்கள் சிலரோடு வந்து உட்கார்ந்தார். திருப்பி அடிப்பதில்லை, எழுந்து ஓடுவதில்லை என்பது அவர் வைத்த விதி. அதற்கு ஒரு பயிற்சியும் வைத்தார். பெஞ்சுக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் தம் வீட்டாள் ஒருவர் கையால் அடி வாங்க வேண்டும். கடைவீதிக்காரன் சொல்லப்போகும் வசவுகளையெல்லாம் முதலில் வீட்டாள் வாயால் கேட்க வேண்டும். அதைக் கை எழாமல் தாங்கியவரே பெஞ்சுக்குப் போகலாம். ஒரு பிப்ரவரி இருபதாம் தேதி, அந்தப் பெஞ்சிலேயே அவரை அடித்துக் கொன்றார்கள். அதன் பிறகுதான் பெஞ்சு எல்லோருக்கும் திறந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் காலை முதல் மாலை வரை, ஓர் இடமும் காலியில்லாமல், நாங்கள் அதில் உட்காருகிறோம்."

இந்த முறை நகராட்சி அந்தக் கூடத்துக்கு அவர் பெயரை வைக்கிறது. பலகை வந்துவிட்டது. வாசலுக்கு மேலே துணி போட்டு மூடியிருக்கிறார்கள். கடைவீதியில், "பேரு மேல ஏறட்டும், ஆள கீழ இறக்குறோம்" என்று வெளிப்படையாகவே பேசுகிறார்கள்.

இனி என் பிரச்சினை. என்னை அடிக்க ஆளில்லை. அப்பா அடித்தார். கன்னத்தில் ஈ உட்கார்ந்திருந்தால் இதைவிடக் கனமாக இருந்திருக்கும். சங்கச் செயலாளர் அத்தை விற்கக் கொண்டுவந்த பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, இது அடியா தாலாட்டா? இத நான் சேர்த்துக்க மாட்டேன்" என்றார். அம்மாவோ, "என் பொண்ண அடிக்கிறதுக்கு எனக்கு இன்னும் கை முளைக்கல" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆகவே நீ வர வேண்டும். சின்ன வயதில் காரணமில்லாமலே என் மண்டையில் குட்டுவாய். இப்போது காரணம் இருக்கிறது. இருபதாம் தேதிக்கு முன் ஒருநாள் வந்து ஒழுங்காக அடித்துவிட்டுப் போ. அப்பாவோடு பேசக்கூட வேண்டாம்.

உன் தங்கை


ஜனவரி 20

புழுவுக்கு,

புத்தகப் புழு நீ, சிவப்பு மையால் திருத்துவாய் என்ற பயத்தில் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். உன் பேச்சில் கொட்டாவி வரவில்லை. கோபம்தான் வந்தது.

நான் வர மாட்டேன். ஏன் வீட்டைவிட்டு வந்தேன் என்று உனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய், உன் கால் தெரிந்தது. "பக்கத்துல ஒரு மனுஷன அடிச்சே கொல்றாங்க. நீங்க கையக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. வருஷா வருஷம் அதுக்கு ஒரு விழா வேறயா?" என்று அப்பாவைக் கேட்டேன். அவர், "போறப்ப கதவச் சாத்திட்டுப் போ" என்றார். அந்தப் பெஞ்சில் போர்ட்டர் ஐயாவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் நம் அப்பா. இதை உன் பேச்சில் விட்டுவிட்டாயே, ஏன்?

இங்கே மேஸ்திரி முதல் நாளே சொன்னார்: "தகரத்த அடிக்கிறதுக்கு முன்னாடி பின்பக்கம் ஒரு கட்டை குடு. இல்லன்னா கிழியும்." உங்களுக்குப் பின்னால் எந்தக் கட்டை இருக்கிறது? நகராட்சிப் பலகையா?

அப்பா கை பஞ்சு என்று புலம்புகிறாய். உண்மையான அடி எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வீட்டாளை விடு. பக்கத்து ஊர் போர்ட்டர் சங்கத்திலிருந்து முகம் தெரியாத ஆட்களைக் கூப்பிடுங்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, நேரம் சொல்லாமல் வரட்டும். முதல் அடியில் நீ எழுந்து வீட்டுக்கு ஓடுவாய். எனக்கு அதுதான் வேண்டும்.

அம்மா முதுகுவலிக்கு மருந்து போடுகிறாளா?

அண்ணன்


ஜனவரி 31

அன்புள்ள அண்ணா,

நீ என்னைப் பயமுறுத்த எழுதினாய். நான் அதைச் சங்கத்தில் யோசனையாகவே சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. என் யோசனை என்றே நினைத்துக் கைதட்டினார்கள். மன்னித்துக்கொள்.

செயலாளர் அத்தைக்கு மிகவும் பிடித்துவிட்டது. "நாம ஒருத்தர ஒருத்தர் கிச்சுகிச்சு மூட்டிக்கிட்டு இருக்கோம். வெளியாளு வரட்டும், அப்பத் தெரியும் யாருக்கு உடம்புல எலும்பு இருக்குன்னு" என்றார். தபால்கார மாமா உடனே பக்கத்து ஊருக்குத் தகவல் அனுப்பிவிட்டார். வரும் ஞாயிறு மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அவர்கள் வருவார்கள். முகம் மூடியிருப்பார்கள். கதவைத் தாழிடக் கூடாது. அத்தை "போதும்" என்றதும் நிறுத்திவிட வேண்டும். அது மட்டும் பழைய விதிப்படியே.

அப்பா ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று, "வீட்டாள்தான் அடிக்கணும்னு அவர் சும்மா சொல்லல. வீட்டாளுக்குத்தான் எங்க நிறுத்தணும்னு தெரியும்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். தபால்கார மாமா, "அண்ணே, உங்க காலம் வேற" என்று சொல்ல எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அப்பா உட்கார்ந்துவிட்டார். 

அவருக்குப் புதிய சிந்தனை ஒத்துக்கொள்வதில்லை என்று நினைக்கிறேன். ஊரே இதைப் பேசுகிறது. தேநீர்க் கடையில், புத்தகக் கடையில், எங்கே போனாலும், "ஞாயித்துக்கிழமை உங்கள உங்க ஆளே வந்து அடிக்கப் போறாங்களாமே?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: அப்பாவின் இடம் எது என்று எனக்குத் தெரியும். அவரிடம் கேட்காமல் எழுதத் தோன்றவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அம்மா மருந்து போடுகிறாள். ஆஸ்பத்திரிச் சலவையில் புது இயந்திரம் வந்திருப்பதால் குனிகிற வேலை குறைவு.

உன் தங்கை


பிப்ரவரி 9

அண்ணா,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் இதை எழுதச் சொன்னாள் அம்மா. அப்பா உயிரோடு இருக்கிறார். தபால்கார மாமா நேற்றுக் காலை இறந்துவிட்டார்.

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். போலீஸ்காரரிடம் சொன்னபோது எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது.

சங்கக் கூடத்தில் பெஞ்சுகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டு, கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் நடுவில். ஒரு பக்கம் தபால்கார மாமா, மறுபக்கம் அப்பா. மனம் இல்லாவிட்டாலும் அப்பா வந்திருந்தார். மாமா, "அடி வாங்குறதுக்குன்னு துவைச்ச சட்டையப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. முகத்தில் துணி கட்டிய ஆட்கள் நுழைந்தார்கள். அத்தை எழுந்து, "வாங்க தோழர்களே. பஸ் சீக்கிரம் வந்துடுச்சா? ஐயா படத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டிருக்கோம், பார்த்து" என்று வரவேற்றார். அவர்களில் ஒருவன் சிரித்தான்.

வசவில் தொடங்கினார்கள். அந்தச் சொற்களை நான் எழுத மாட்டேன். ஒருவன் என் முகத்தில் காறித் துப்பினான். மாமா உதடு அசையாமல், "பிரமாதம். நம்மாளுங்களுக்கு இவ்வளவு நல்லா நடிக்க வருமா?" என்றார். நான் புன்னகைத்தேன். அண்ணா, நான் புன்னகைத்தேன்.

ஒருவன் இடுப்பிலிருந்து இரும்புக் குழாயை எடுத்தான். முதல் அடி மாமாவின் தோளில். அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது காதுக்கு மேல். ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவர் அப்படியே என் மடியில் சாய்ந்தார். அவர் விரல்கள் கோத்தபடியே இருந்தன. மாமாவும் நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன், பாவாடை சூடாக நனைகிற வரைக்கும்.

அத்தை "போதும்" என்றார். குழாய் ஒரு நொடி நின்றது. "என்னடி போதும்?" என்று கேட்டுக்கொண்டே அவன் அதை அத்தையின் வாயில் இறக்கினான். பற்கள் தரையில் சிதறின. அப்போதும் யாரும் எழவில்லை. இதைத்தான் போலீஸ்காரர் நம்ப மறுக்கிறார். "கதவு திறந்திருக்கு, ஓட வேண்டியதுதானே?" என்கிறார். இவன் கொஞ்சம் எல்லை மீறிவிட்டான், இன்னொரு தடவை சொன்னால் நிறுத்திவிடுவான் என்று நினைத்தோம். ஒருவர் மாற்றி ஒருவர் "போதும், போதும்" என்று சொன்னோம், கையை மடியில் கோத்தபடியே. அவர்கள் வரிசையாக வந்தார்கள். கதிர் அறுக்கிறவர்களைப் போல. உட்கார்ந்திருக்கிற ஆளை அடிப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் பார்த்தேன்.

முதலில் புரிந்துகொண்டவர் அப்பா. "எழுந்திருங்க! ஓடுங்க! இது நம்மாளுங்க இல்ல!" என்று கத்தினார். ஆயுள் முழுக்க உட்காரச் சொல்லிக்கொடுத்த மனிதர் ஓடச் சொன்னார். என்னைக் கீழே தள்ளி என்மேல் விழுந்தார். அடி விழ விழ அவர் உடம்பு என்மேல் துள்ளிற்று. கை முறிந்தது என் காதருகில் கேட்டது. ஒருவன் குனிந்து, என் காலை அப்பாவுக்கு அடியிலிருந்து இழுத்து, "நகரு பாப்பா" என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

பிறகு பெட்ரோல் வாடை. போர்ட்டர் ஐயா படம்தான் முதலில் எரிந்தது. மெய்யான பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது கூரை பற்றிவிட்டது. அவர்கள்தான் உள்ளே புகுந்து எங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். போலீஸ் வந்து அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. பையில் முகம் மூடும் துணி இருந்ததாம்.

அப்பாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிவு, விலாவிலும். அத்தைக்கு வாயெல்லாம் தையல்.

"வீட்டாளுக்குத்தான் எங்க நிறுத்தணும்னு தெரியும்" என்று அப்பா சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சிரிப்புத்தான் கேட்கிறது.

தங்கை


பிப்ரவரி 11

யாருடைய குரல்?

அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

பட்டறையிலிருந்து நாலு பேர் என்னோடு வருகிறார்கள். மேஸ்திரி வண்டி தருகிறார். எங்களிடம் சுத்தியல் இருக்கிறது. எந்த எலும்பை எங்கே அடித்தால் ஆயுசுக்கும் நிமிராது என்று எனக்குத் தெரியும்.

அது என் யோசனை. உன்னை ஓட வைக்கப் பார்த்தேன், மாமாவைக் கொன்றுவிட்டேன். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கடிதம் போடக் கூட்டிப் போவார். நீ உன் பேச்சையும் பெஞ்சையும் தூக்கிக் குப்பையில் போடு. அந்த ஆள் யார்?


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணா,

சொல்ல மாட்டேன்.

போலீஸிடம் சொல்லிவிட்டேன். நீதிபதி முன்னாலும் சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொன்னேன். உனக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ போய் அவனைக் கொல்வாய். பிறகு ஊரில் யாரும் தபால்கார மாமாவைப் பற்றிப் பேச மாட்டார்கள். உன்னைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று அப்பாவிடம் கேட்டேன், நீ அன்று கேட்ட அதே கேள்வியை. மருந்து மயக்கத்தில் இருந்தார், அந்தத் துணிச்சலில்தான் கேட்டேன். கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எழுந்திருக்கத்தான் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டப் புடிச்சிக்கிட்டிருந்தார்டி. அடி அவருக்கு விழுது, புடி எனக்கு இறுகுது. எழுந்தா கெட்டுது, உக்காருடான்னு கண்ணாலயே சொல்றார். அன்னைக்கு நான் ஒருத்தன் கை ஓங்கியிருந்தா வெளிய நின்ன நம்ம தெரு மொத்தத்தையும் கொளுத்தியிருப்பாங்க. எண்ணெயோட நின்னாங்க. அவருக்குத் தெரியும். புடி தளர்ந்தப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, போயிட்டார்னு."

"இத ஏம்ப்பா அண்ணன்கிட்ட சொல்லல?" என்றேன்.

"அவன் என்னைக் கோழைன்னு சொன்னான். இல்லடான்னு சொல்றதுக்கு அவர் சாவ எடுத்து முன்னால வைக்கச் சொல்றியா?" என்றார். பிறகு தூங்கிவிட்டார்.

இப்போது சங்கத்தில் வீட்டாள் விதியே திரும்பி வந்துவிட்டது. அத்தை பேச முடியாமல் சிலேட்டில் எழுதுகிறார்: "பெஞ்சு நிறையணும். ஒரு இடம் காலியா இருந்தாலும் மறந்துட்டாங்கன்னு அர்த்தம்." போன ஆண்டு உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் இந்த வார்டிலேயே படுத்திருக்கிறார்கள். யார் யாரோ முன்வருகிறார்கள். பெட்டிக்கடைக்காரர், சத்துணவுக்கூடத்து அக்கா, என் கணக்கு டீச்சர்கூட. ஆனால் வீட்டாள் அடி வாங்காதவரை அத்தை விடுவதில்லை.

எனக்கு இன்னும் அந்த அடி விழவில்லை. அப்பாவின் கை கட்டுக்குள் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. எனக்கும் அவர்களைக் கொல்ல வேண்டும் போலிருக்கிறது. போலீஸ் இன்னும் பிடிக்காத அந்த ஆளின் கடை வழியாக நேற்று வந்தேன். ஷட்டரை உள்ளே அவனோடு சேர்த்து இழுத்துப் பூட்டித் தீ வைப்பதைப் பற்றி, எங்கே நிற்பது, எப்படிப் பிடித்துக்கொள்வது என்பது வரை, வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். பரீட்சைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக யோசித்ததில்லை. அதனால்தான் எனக்குப் பயிற்சி வேண்டும். இப்படியே பெஞ்சில் உட்கார்ந்தால் என் கை எழுந்துவிடும்.

நாலு பேர் வேண்டாம். நீ வா. நம் வீட்டில் அடிக்கக் கூடிய கை இப்போது உன்னுடையது மட்டும்தான்.

உன் தங்கை


பிப்ரவரி 16

வருகிறேன். கூட யாருமில்லை.

உன்னை அடிக்க வருகிறேனா, அவனைத் தேட வருகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மணிக்கட்டு விஷயத்தை மூன்று தடவை படித்தேன். அப்பாவிடம் நான் வருவதைச் சொல்லாதே.


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணா,

பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க அம்மாவை மட்டும்தான் விட்டார்கள். நீ பேச முடியாது, தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்றாள். நீ மயங்கிய பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லையாம். நான் எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் தேதி எரிந்த கூடத்தில் நீ என்னை அடித்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசவுகளை நீ சொல்லச் சொல்ல உன் குரல் உடைந்தது. அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது. என் கை எழவில்லை. அத்தை சிலேட்டில் "சரி" என்று எழுதினார். உன் வேலை முடிந்தது, இனி அவனைத் தேடிப் போவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். நீயோ நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போய், "நானும் உட்காரப் போறேன். வீட்டாள் அடி வேணும்" என்றாய்.

அப்பா இடக்கையால் அடித்தார். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்து, "இது ஆஸ்பத்திரியா கோதாவா? வெளிய போங்க எல்லாரும்!" என்று விரட்டினாள். நீ உதட்டைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாய். அதன் பிறகு அப்பா அந்தக் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.  இது உனக்குத் தெரியாது.

இனி இருபதாம் தேதி. நான்கைந்து பேராகக் கடைவீதிக்காரர்கள் காத்திருப்புக் கூடத்துக்குள் நுழைந்தபோது காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். இம்முறை முகத்தை மூடவில்லை. உன்னைத்தான் முதலில் பிடித்தார்கள், வெளியூர்க் கை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தலைமுடியைப் பிடித்து முகத்தைப் பெஞ்சின் கைப்பிடியில் மோதினார்கள். ஒரு தடவை. இரண்டாம் தடவை. உன் கைகள் மடியிலேயே இருந்தன. நான் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் என் கையும் அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை உன் தாடை ஒரு பக்கமாகத் தொங்கிற்று. நீ சரிந்தாய்.

நான் எழுந்துவிட்டேன், அண்ணா.

உன் முடியைப் பிடித்திருந்த கையைக் கடித்தேன். பல்லுக்கு எலும்பு தட்டுப்பட்டும் விடவில்லை. அவன் அலறினான். இன்னொருவன் என்னைப் பிடித்து இழுத்தான். அவன் முகத்தை நகத்தால் கிழித்தேன். கண்ணைத்தான் குறிவைத்தேன், தவறிவிட்டது. என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த வசவுகளைத்தான் கத்தினேனாம், நீ பயிற்சியில் சொன்ன அதே வசவுகளை. கணக்கு டீச்சர் சொன்னார்.

என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டார்கள். என் இடம் காலியாகிவிட்டது. வாசலில் நின்றவர்களில் ஒருவன், "காலி! காலி! எழுந்துட்டா!" என்று கூவினான். ஊர் முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறது என்று நினைத்தேன். செத்துப்போகலாம் போலிருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா போனாள். சலவை வேலையின் நீல அங்கியோடு வந்திருந்தாள். உன் ரத்தம் வழிந்த இடத்தை முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தாள். அத்தை பதறிப்போய் சிலேட்டில் "பயிற்சி இல்லை" என்று எழுதிக் காட்டினார். அம்மா அதை வாசித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இருபது வருஷமா ரத்தத் துணி துவைக்கிறேன். தபால்கார அண்ணன் சட்டையையும் நான்தான் துவைச்சேன். எனக்கு என்னடி பயிற்சி?"

ஒருவன் குழாயை ஓங்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தான். அம்மா அவனை நிமிர்ந்து பார்த்து, "உங்கம்மாவுக்குப் பிரசவம் ஆனப்ப அந்தத் துணியையும் நான்தான் அலசினேன். அடி" என்றாள். அவன் அடித்தான். ஆனால் தோளில், ஒரே ஒரு முறை. அதற்குள் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனங்கள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. நெருக்கியடித்துக்கொண்டு பெஞ்சின் முன்னால் நின்றார்கள், கடைவீதிக்காரர்கள் சிலரும்கூட. அடிக்க வந்தவர்களுக்குக் கையை ஓங்க இடமில்லாமல் போயிற்று. பிறகு போலீஸ் வந்தது.

உன் இடமும் காலியாக விடப்படவில்லை. உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் பெட்டிக்கடைக்காரர் நகர்ந்து நீ உட்கார்ந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டார், மாலைவரை. நீ எழுந்திருக்கவில்லை, தூக்கிக்கொண்டுதான் போனார்கள், அதனால் அது உன் இடம்தான் என்றார். சூரியன் இறங்கும்போது அத்தை பெயர்ப் பலகையின் துணியை இழுத்தார். கோஷம் போட அவருக்கு வாய் இல்லை.  போர்ட்டர் ஐயாவின் பெயரை நான் வெளியே தரையில் உட்கார்ந்து படித்தேன்.

அந்தக் குரல்காரனை அடையாளம் காட்டச் சொல்லி அழைத்தார்கள். காட்டினேன். எனக்கு நோட்டுப் புத்தகம் விற்கிறவன் அவன்தான், பாப்பா பாப்பா என்று கூப்பிட்டுப் பென்சில் சீவிக் கொடுப்பவன். இப்போது உள்ளே இருக்கிறான், அதனால் உனக்குச் சொல்லலாம். பக்கத்து ஊர்க்காரர்களை விட்டுவிட்டார்கள்.

சங்கத்தில் என்னைப் பற்றிப் பேசினார்கள். கை ஓங்கியவர் மறு ஆண்டு உட்கார முடியாது. நான் எதிர்த்துப் பேசவில்லை. இத்தனை புத்தகம் படித்தவள் நான், அவரைப் பற்றிப் பேச்சு எழுதியவள் நான். ஒன்றையும் நம்பாத நீ உட்கார்ந்திருந்தாய், நான் எழுந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவன் உன் முடியைப் பிடித்ததை நினைத்தால் இன்னும் வாயில் அந்த எலும்பு தட்டுப்படுகிறது, அது பிடித்தும் இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

தண்டனை இன்னொன்றும் உண்டு. எழுந்தவர் அடுத்த பயிற்சியில் அடிக்க வேண்டும், தன் வீட்டாளை. அம்மாவின் பெயரும் உன் பெயரும் அடுத்த ஆண்டுக்கு இருக்கின்றன. அம்மாவை அடிப்பதை அப்பா பார்த்துக்கொள்வார். உன்னை நான் அடிக்க வேண்டும். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அத்தை சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

உன் தங்கை


மார்ச் 4

புழுவுக்கு,

தாடையைக் கட்டியிருப்பதால் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல். உறிஞ்சுகுழாயில் சூப் குடிக்கிறேன். மேஸ்திரி வந்து என் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாக்டர் வேலை சுமார்தான். நான்னா இன்னும் நேரா நிமித்தியிருப்பேன்" என்றார். சிரிக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

நீ எழுந்ததற்கு உன்னைக் குற்றம் சொல்லாதே. குற்றம் என் கையில். எரிந்த கூடத்தில் உன்னை அடித்தபோது கடைசி நொடியில் கையைத் தளர்த்திவிட்டேன். சத்தம் மட்டும் பெரிதாக வந்தது. அத்தையும் ஏமாந்தார், நீயும் ஏமாந்தாய். தகரத்தில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. உன் முகம் தகரமில்லையே. அப்பாவின் தாலாட்டைக் கேலி செய்தோம். நானும் தாலாட்டித்தான் உன்னைப் பெஞ்சுக்கு அனுப்பினேன்.

நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்பாய். போர்ட்டர் ஐயாவை நினைத்து அல்ல. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. முதல் மோதலில் பல் உடைந்தபோது எழத்தான் பார்த்தேன், தொடை இறுகிவிட்டது. அப்போது கன்னத்தில் அப்பாவின் இடக்கை அடி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதில் தளர்வே இல்லை, புழு. கோபமும் இல்லை. கட்டிலில் கிடக்கிற மனிதர், விலா முறிந்தவர், இருக்கிற பலம் மொத்தத்தையும் அந்த ஒரு கையில் கொண்டுவந்து அடித்தார், நான் திரும்பி வர வேண்டும் என்பதற்காக. அவன் அடி அதற்கு முன்னால் பழைய அடியாகத் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த பிப்ரவரிக்கு வருவேன். முடியாது என்று சொன்னாயாம், முடியும். இப்போதே தோளைப் பழக்கு. அந்த நாளில் என் தாடையைப் பார்க்காதே, பாவம் என்று நினைக்காதே. வசவை முழுசாகச் சொல். என்மேல் பாசமிருந்தால் அப்பாவைப் போல அடி.

அண்ணன்